தலைக்கு மூன்று குடம்

ஆவூர் பக்கம், கீழத்தெரு
ஜூன் 9, ஞாயிறு, பூசை முடிந்த கையோடு

சேசுவுக்குத் தோத்திரம்.

அன்பும் மரியாதையும் அதைவிடக் கொஞ்சம் கூடுதலாகப் பயமும் கலந்து, கட்டுமாவடியில் இருக்கும் என் ரீட்டா அத்தைக்கு, உங்கள் அண்ணன் மைக்கேல்சாமியின் ஒரே மகனும், ஒன்றே போதும் என்று ஊரையே ஒப்புக்கொள்ள வைத்தவனுமாகிய லியோ எழுதிக்கொள்வது. இவ்விடம் அப்பா, அம்மா, நான், ஆடு ஆகிய நால்வரும் நலம். நால்வரில் ஆடு மட்டும்தான் என்னோடு பேசுகிறது. அவ்விடம் உங்கள் நலமும், ஜோஸ் மாமா நலமும், மாமாவின் மீன் வியாபார நலமும் அறிய ஆசைதான். ஆனால் நான் கூப்பிட்டால் நீங்கள் எடுப்பதில்லை, மாமா எடுத்தால் “அவ நல்லாத்தான் இருக்கா, பேச மாட்டேங்குறா, வைடா” என்று மூன்றே சொல்லில் முடித்துவிடுகிறார். அதனால்தான் கடிதம். பரீட்சையில் ‘உறவினருக்குக் கடிதம் வரைக’ என்றால் ஐந்து மதிப்பெண். இதுவரை மூன்றைத் தாண்டியதில்லை. இந்த ஒரு தடவை முழு மதிப்பெண் கிடைத்தால் தேவலை.

எழுதியதை அப்பா படித்துப் பார்த்த பிறகுதான் ஒட்ட வேண்டும் என்று நிபந்தனை. ஆகவே இதில் விளையாட்டு இருக்காது. எங்காவது இருந்தால் அது பழக்கதோஷம், மன்னிக்கவும். நடந்தது உங்களுக்கே தெரியும், நீங்களே அங்கே நின்றீர்கள். ஆனால் நடந்ததற்கு முன்னால் நடந்தது பாதிதான் தெரியும். “மொதல்லேருந்து எழுது, ஒண்ணையும் முழுங்காத” என்று அப்பா உத்தரவு.

முதல் என்றால் டேங்குக்குத் தண்ணீர் ஏற்றுகிற போர்க்குழாய். இந்தக் கோடையில் அது தண்ணீரை விட்டுவிட்டுக் காற்றை இறைக்கக் கற்றுக்கொண்டது. கீழத்தெருவின் பதினாலு வீட்டுக்கும் ஒரே குழாய், அதிலும் காலை ஆறிலிருந்து எட்டு வரைதான் என்றானதும், நம் ஊரில் எதையும் பங்கு பிரிக்கிற மாதிரியே தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று பேசி முடித்தார்கள். திருவிழாவுக்கு அரிசி கொடுப்பது தலைக்கட்டுக்கு, கோயில் அசன விருந்தில் கறி வாங்குவது தலைக்கட்டுக்கு, ஆகவே தண்ணீரும் வீடு ஒன்றுக்குப் பதின்மூன்று குடம். டேங்க் ஆபரேட்டர் அய்யப்பண்ணன் விசில் ஊதினால் ஆரம்பம், ஊதினால் முடிவு. ஒரு வாரம்கூட ஒழுங்காகப் போகவில்லை. உங்களுக்கு முனியாயி பெரியம்மா வீடு தெரியுமே, மூன்று மகன்களில் இரண்டு பேர் இங்கே, மருமகள்கள், பேரப்பிள்ளைகள் என்று ஒன்பது பேர் ஒரே தலைக்கட்டு. எதிர்வீட்டு மணிமேகலை டீச்சர் வீட்டில் அவரும் சாரும் மட்டும், மகள் கோயம்புத்தூர் ஹாஸ்டலில். அங்கேயும் பதின்மூன்று, இங்கேயும் பதின்மூன்று. குழாயடியில் குடத்தைத் தரையில் ணங்கென்று வைத்தார் பெரியம்மா.

“ஏப்பா அய்யப்பா, தண்ணி குடிக்கிறது வாயா, வீடா? எங்க வீட்ல ஒம்பது வாயி. டீச்சரம்மா வீட்ல ரெண்டே வாயி. அதுலயும் சாரு வாயத் தொறக்கவே மாட்டாரு.”

“ஒரு பிள்ளையோட நிறுத்துனது எங்க குத்தமா?” என்றார் டீச்சர். “நாடே சொன்னுச்சு, கேட்டுக்கிட்டோம். கேக்காதவங்களுக்கு இப்ப எங்க பங்கையும் அள்ளிக் குடுக்கணுமாக்கும். ஆளு கூடிக்கிட்டே போகுது, டேங்க் கூடுதா? இருக்கிறது ஒரு டேங்க்தாங்க.”

“டேங்க் இருக்கட்டும் டீச்சரு. ஒங்க வீட்ல ஒரு மெசினு சுத்துதே துணி தொவைக்க, அது ஒருவாட்டி சுத்துற தண்ணியில நாங்க ஒம்பது பேரும் தலைக்கே குளிச்சிருவோம். அந்த மெசினுக்கு எத்தனை வாயின்னு மொதல்ல எண்ணுங்க.”

எனக்கு இரண்டு பேர் சொன்னதும் சரியென்றே பட்டது. அரையாண்டுத் தேர்வில் இதே விஷயத்தைத்தான் ‘மக்கள்தொகைப் பெருக்கமும் இயற்கை வளமும்’ என்று கட்டுரையாகக் கேட்டிருந்தார்கள். ஏழு மதிப்பெண் வாங்கினேன். அதில் முன்னுரை இருந்தது, சதவீதம் இருந்தது, விழித்துக்கொள்வோம் என்று முடிவுரையும் இருந்தது. முனியாயி பெரியம்மா வீட்டு ஒன்பது பேரில் எந்த ஆளைக் குறைப்பது என்பது மட்டும் இல்லை. நேரில் பார்த்தால் ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு பெயர் இருந்து தொலைக்கிறது, ஒரு சளி மூக்கும் இருக்கிறது. அப்பா நடுவில் புகுந்து, வீட்டுக் கணக்கை விட்டுவிட்டு ஆள் கணக்குக்கு வருவோம், தலைக்கு மூன்று குடம் என்றார். டீச்சர் முகத்தைத் திருப்பிக்கொண்டார், ஆனால் மற்ற பன்னிரண்டு வீடும் தலையாட்டியதால் அவரும் ஆட்டினார். பட்டியல் எழுதும் வேலை என் தலையில் விழுந்தது.

“நீதாண்டா அச்சடிச்ச மாதிரி எழுதுவ,” என்றார் அய்யப்பண்ணன். “வீடு வீடாப் போய் எழுதிட்டு வா. ஒரு தலை கூடவும் கூடாது, கொறையவும் கூடாது.”

கூடாது என்று யாராவது சொன்னால் எனக்குக் கை அரிக்கும், அது பிறவிக் கோளாறு. அறுபத்தொரு தலையையும் ஒழுங்காகத்தான் எழுதினேன். நம் வீட்டில் அப்பா, அம்மா, நான். நீங்கள் மே மாதம் முழுக்க இங்கேதான் இருப்பீர்கள், திருச்சி டாக்டரிடம் தைராய்டு பார்க்க வேண்டும் என்று அம்மா சொன்னதால் உங்களையும் சேர்த்தேன். அதற்குக் கீழே கொஞ்சம் இடம் காலியாக இருந்தது. காலி இடத்தைப் பார்த்தால் என்னால் சும்மா இருக்க முடியாது. ‘ம. ஸ்வீட்டி’ என்று நம் ஆட்டின் பெயரை எழுதிவிட்டேன். ஆட்டுக்கு அப்பாவின் இனிஷியல் போட்டதற்காக அப்பாவிடம் தனியாக அடி வாங்கிவிட்டேன், அது இந்தக் கடிதத்தில் சேராது. மறுநாள் காலையில் அய்யப்பண்ணன் பட்டியலைப் பார்த்துப் பெயர் வாசித்தார்.

“ஸ்வீட்டி!”

“உள்ளேண்ணே,” என்று மூக்கைப் பிடித்துக்கொண்டு பெண் குரலில் சொன்னேன்.

“யாருடா அது புதுசா?”

“உறவுக்காரப் புள்ளண்ணே. கூச்சம் ஜாஸ்தி. தழையைத் தவிர வேற ஒண்ணும் சாப்பிடாது.”

“டயட்டா இருக்கும்,” என்று அவரே முடிவு செய்து மூன்று குடம் விட்டார். அன்றைக்கு நீங்கள் வாசற்படியில் நின்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தீர்கள் அத்தை. கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துவிட்டு, “டேய் மருமவனே, நீ உருப்பட மாட்ட” என்றீர்கள். பங்குச்சாமியே வந்து பாராட்டியிருந்தால்கூட எனக்கு அவ்வளவு தெம்பு வந்திருக்காது. இதைக் குற்றச்சாட்டாக எழுதவில்லை. நீங்கள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை என்பதற்காக எழுதுகிறேன்.

ஆட்டுக்குத் தண்ணீர் கிடைத்த செய்தி தெருவில் ஆட்டைவிட வேகமாக ஓடியது. மாலையில் முனியாயி பெரியம்மா முறுக்கோடு வந்தார்.

“லியோத் தம்பி, எங்க பெரியவன் பேரையும் போட்டுரு.”

“அவரு சவுதியில இல்ல இருக்காரு?”

“எங்கிட்டு இருந்தா என்ன, அவன் தலை எங்க வீட்டுத் தலைதானே. நாளைக்கே லீவுல வந்து நின்னான்னா தண்ணிக்கு எங்க போவேன்?”

போட்டேன். அதற்கு மறுநாள் மணிமேகலை டீச்சர் என்னைக் கூப்பிட்டு, ஹாஸ்டலில் இருந்தாலும் மகளுக்கு மனசெல்லாம் இங்கேதான் இருக்கிறது, பெயரைச் சேர் என்றார். மனசுக்கு மட்டும் என்றால் ஒன்றரைக் குடம் போதுமே டீச்சர் என்றேன். காதைத் திருகினார், மூன்றாயிற்று. மேலண்டை வீட்டில், செத்துப்போன தாத்தாவின் படத்துக்கு முன்னால் தினமும் ஒரு டம்ளர் தண்ணீர் வைக்கிறோம், அது எந்தக் கணக்கில் வரும் என்று கேட்டார்கள். அதையும் போட்டேன். வயிற்றில் இல்லாத பிள்ளை, கல்யாணமாகாத மருமகள், விற்றுப்போன பசு என்று கேட்டவர்கள் கேட்டபடி, நானும் மனுசன் மிருகம் பாராமல் எழுதிக்கொண்டே போனேன். இல்லாதவர்களை உண்டாக்குவதில் ஒரு சுகம் இருக்கிறது அத்தை, பேனாவில் மை இருந்தால் போதும். அறுபத்தொன்று மூன்றே வாரத்தில் தொண்ணூற்றேழு ஆனது. தலை கூடியதே தவிரத் தண்ணீர் கூடவில்லை. என் கட்டுரையின் முடிவுரை தெருவில் நடந்துகொண்டிருந்தது, எழுதியவனுக்குத்தான் அது உறைக்கவில்லை.

உறைக்க வைத்தவர் பிச்சைமுத்து தாத்தா. பட்டியலில் அவர்தான் கடைசி, ஒற்றை ஆள், ஒரு பெயரும் கூடுதலாகச் சேர்க்கச் சொல்லாத ஒரே ஆளும் அவர்தான். அவர் முறை வரும்போது குழாய் உஸ்ஸென்று காற்று விட ஆரம்பித்துவிடும். இரண்டு நாள் வெறும் குடத்தோடு திரும்பிப் போனார். மூன்றாம் நாள் என் பக்கத்தில் வந்து நின்று, கோபமே இல்லாமல், “தம்பி, ஆட்டுக்குப் போக மிச்சம் இருந்தாச் சொல்லு, நான் அப்புறமா வாரேன்” என்றார். சிரிக்கலாம் என்று வாயைத் திறந்தேன், வரவில்லை. அன்றைக்கே அய்யப்பண்ணன் பட்டியலை மடியில் வைத்துக்கொண்டு விரல்விட்டு எண்ணினார்.

“டேய், மூணு வாரத்துல முப்பத்தாறு உசுரு எப்புட்றா கூடுச்சு? தெருவுல ஒரு கல்யாணங்கூட நடக்கலியேடா!”

“அதுக்குப் பேருதான்ணே பெருக்கம்.”

“ஒன்னையத்தாண்டா மொதல்ல பெருக்கித் தள்ளணும்.” பட்டியலை நாலாகக் கிழித்தார். “நாளைக்குக் காலையில ஆறு மணிக்கு அம்புட்டுத் தலையும் குழாயடியில நிக்கணும். மார்க்கர் பேனாவால வெரல்ல கோடு போடுவேன், எலெக்சன் மாதிரி. நிக்கிற தலைக்குத்தான் தண்ணி. படத்துல இருக்கிற தலைக்குக் கெடையாது.”

அதுதான் அந்த வெள்ளிக்கிழமை. தெருவே மூக்கைச் சொறிந்துகொண்டு வரிசையில் நின்றது. தூங்கிக்கொண்டிருந்த கைப்பிள்ளையைத் தொட்டிலோடு தூக்கி வந்தார்கள். கால் ஒடிந்து கட்டுப் போட்டிருந்தவரை நாற்காலியோடு கொண்டுவந்து இறக்கினார்கள். டீச்சர் மகள் ராத்திரி பஸ் பிடித்து வந்து, கொட்டாவியோடு விரலை நீட்டினாள். நீங்கள் தலைசுற்றுகிறது என்று உள்ளே படுத்திருந்தீர்கள். அம்மா வேண்டாம் என்றுதான் சொன்னது. நான்தான் உள்ளே ஓடிவந்து, “அத்தை, சும்மா வந்து நில்லுங்க, நீங்க நின்னாலே மூணு குடம்” என்று கையைப் பிடித்து இழுத்தேன். இழுத்த கை இது. இந்தக் கடிதத்தை எழுதுகிற அதே கை.

கைப்பிள்ளை விரலில் கோடு போட்டதைப் பார்த்ததும் டீச்சருக்குப் பொறுக்கவில்லை.

“பாலைத் தவிர வேற ஒண்ணும் குடிக்காத பிள்ளைக்கு மூணு குடமா? அப்ப பெத்துக்கிட்டே இருங்க, தண்ணியெல்லாம் நீங்களே கொண்டு போங்க. மிச்சம் உள்ளவங்க நாக்கத் தொங்கப் போட்டுக்கிட்டு நிக்கிறோம்.”

“பீத்துணி எதுல அலசுறது, காத்துலயா?” என்றார் பெரியம்மா. “பெத்து வளத்துப் பாத்தாத்தான் தெரியும். எல்லாரும் நம்ம ரீட்டா மாதிரி இருந்துட முடியுமா? அதுனால தண்ணிக்கும் பாரமில்ல, பூமிக்கும் பாரமில்ல. பாவம், ஒத்தையா வந்து நிக்குது, ஒத்தையாப் போகும்.”

கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை அத்தை, உங்களைப் பாராட்டுவதாக நினைத்துத்தான் சொன்னார். நீங்கள் விரலில் இருந்த கோட்டையே பார்த்துக்கொண்டு நின்றீர்கள். எல்லாரும் உம் கொட்டினார்கள். அந்த உம் எனக்குப் பிடிக்கவில்லை. என் வாய்க்கும் மூளைக்கும் நடுவில் கேட் கிடையாது என்பது உங்களுக்குத் தெரியும். திறந்தேன்.

“தப்பா எண்றீங்க பெரியம்மா! எங்க அத்தை ஒத்தை இல்ல, ரெட்டை. அய்யப்பண்ணே, ரெண்டு கோடாப் போடுங்க, ஆறு குடம்!”

இரண்டு பேர் சிரித்தார்கள். நீங்கள் ஒரு திட்டுத் திட்டியிருந்தால் ஸ்வீட்டி கணக்கில் அதுவும் போயிருக்கும். ஆனால் உங்கள் கை தானாக வயிற்றுக்குப் போனது, அம்மா கையிலிருந்த குடம் கீழே விழுந்தது. சிரித்தவர்கள் நிறுத்தினார்கள். பிறகு எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். எத்தனை மாசம் என்றார்கள். கல்யாணமாகிப் பன்னெண்டு வருசம் கழிச்சா என்றார்கள். கண்ணு பட்டுரும்னு மறைச்சிருக்கும் என்றார்கள். இந்தத் தடவையாச்சும் என்று யாரோ ஆரம்பித்து, பாதியில் விழுங்கினார்கள். விழுங்கிய பாதிதான் எல்லாருக்கும் கேட்டது. அப்பா என் பக்கம் திரும்பி, உங்கள் பக்கம் திரும்பி, அம்மா பக்கம் திரும்பி, எந்தப் பக்கமும் ஒன்றும் புரியாமல் நின்றார்.

அதற்குப் பிறகு நடந்ததைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. வயிற்றில் இருப்பது ஒரு தலையா, இல்லையா என்று விவாதம் ஆரம்பித்துவிட்டது.

“ரேசன் கார்டுல ஏறாத தலைக்கு நான் எப்படித் தண்ணி விடுறது?” என்றார் அய்யப்பண்ணன்.

“பொறந்து பேரு வச்சதுக்கு அப்புறந்தான் கணக்கு,” என்றார் டீச்சர். “இல்லைன்னா நாளைக்கு ஆளாளுக்கு வயித்தத் தள்ளிக்கிட்டு வந்து நிப்பீங்க.”

“வயித்துப் புள்ளைக்குத்தான் டீச்சரு தாகம் சாஸ்தி. ஆறு கொடம் என்ன, பத்துகூடக் குடுக்கலாம்,” என்றார் பெரியம்மா.

பத்து நிமிடம் பேசினார்கள். உங்கள் பிள்ளையைப் பற்றித்தான் பேசினார்கள், உங்களை ஒரு ஆளும் பார்க்கவில்லை. நீங்கள் குடத்தைச் சத்தமில்லாமல் கீழே வைத்துவிட்டு வீட்டுக்குள் போனீர்கள். பதினோரு மணி பஸ்ஸுக்கு உங்கள் பையைத் தூக்கிக்கொண்டு அம்மா பின்னாலேயே ஓடியது. நான் பத்தடி தள்ளி வந்தேன். பஸ் ஏறும்போது நீங்கள் அம்மாவிடம் சொன்ன ஒரே வார்த்தையும் எனக்குக் கேட்டது.

“ஒங்ககிட்ட மட்டுந்தானே அண்ணி சொன்னேன்.”

கீரனூர், புதுக்கோட்டை, அறந்தாங்கி என்று பஸ் மாறி மாறி, டாக்டர் அலையக் கூடாது என்று சொன்ன உடம்போடு நீங்கள் கட்டுமாவடி போய்ச் சேருகிற வரைக்கும் அம்மா பஸ் ஸ்டாப்பை விட்டு வரவில்லை. மாமா போன் செய்து சொன்ன பிறகுதான் வந்தது. அன்றிலிருந்து இன்றுவரை என்னோடு ஒரு பேச்சு கிடையாது. சோறு வரும், குழம்பு வரும், “இன்னும் வேணுமா” மட்டும் வராது. அப்பாவுக்கு அம்மாமேல் ஒரு கோபம், எனக்கே சொல்லாமல் நீ மட்டும் எப்படி மறைத்தாய் என்று. “ரெண்டு பொம்பளைகளும் கூடப் பொறந்தவளுக மாதிரி இருந்தாளுக, ஒரே வார்த்தையில பிரிச்சு வச்சிட்டியேடா” என்று என்மேல் இன்னொரு கோபம்.

இப்போது நான் இந்தக் கடிதம் எழுதுகிற விஷயத்துக்கு வருகிறேன். அத்தை, அம்மா யாரிடமும் சொல்லவில்லை. என்னிடம் சொல்லவே இல்லை. எனக்கு ஒன்றுமே தெரியாது. தைராய்டு என்றுதான் நானும் நம்பினேன். குழாயடியில் நான் சொன்னது வெறும் அடித்துவிடல். ஆடு, சவுதி அண்ணன், படத்திலிருந்த தாத்தா மாதிரி அதுவும் நான் உண்டாக்கிய முப்பத்தேழாவது பொய்த் தலை. ஆயிரம் பொய் சொல்லியும் மாட்டாதவன், பொய் என்று நினைத்து ஒரு உண்மையைச் சொல்லி மாட்டிக்கொண்டேன், அவ்வளவுதான். என் நேரம் கெட்ட நேரம். பெரியநாயகி மாதா கோயிலில் சூடம் அணைத்துச் சத்தியம் செய்யச் சொன்னாலும் செய்வேன், அங்கே சூடம் கொளுத்த மாட்டார்கள் என்பதையும் மதித்து மெழுகுவர்த்தி அணைத்துச் செய்வேன். ஆகவே அம்மாமேல் கோபம் வேண்டாம்.

தெருவைப் பற்றியும் சொல்ல வேண்டும். நீங்கள் போன மறுநாள் முனியாயி பெரியம்மா ஒரு குடம் தண்ணீரைக் கொண்டுவந்து நம் வாசலில் வைத்தார். “ரீட்டா புள்ளைக்கு” என்றார். மூன்று நாள் வைத்தார். நாலாம் நாள் சம்பந்தி வீட்டிலிருந்து ஆள் வந்துவிட்டதால் அந்த மூன்று குடத்தையும் திரும்ப வாங்கிக்கொண்டு போனார். டீச்சர் மட்டும் ஒன்றும் கொண்டுவரவில்லை; ஆனால் துணி துவைக்கும் மெசினுக்கு உறை போட்டு மூடிவிட்டதாகக் கேள்வி. நான் முப்பத்தாறு பேரையும் அடித்துவிட்டுப் புதுப் பட்டியல் எழுதிக் கொடுத்தேன். ஒரே காலையில் முப்பத்தாறு கொலை, ஒரு கேஸும் இல்லை. பிச்சைமுத்து தாத்தா பெயரை முதலில் போட்டேன். அவருக்கு மூன்று குடத்தையும் நானே தூக்கிக்கொண்டு போய் வைக்கிறேன். தினமும் “ஆடு குடிச்சிருச்சா?” என்று கேட்டுவிட்டுத்தான் கதவைத் திறக்கிறார். போன வாரம் இரண்டு மழை பெய்ததால் போர்க்குழாயில் கொஞ்சம் உயிர் வந்திருக்கிறது. தெருவில் சண்டை நின்றுவிட்டது. டேங்க் நிறைந்தால் யாருக்கும் யார் எத்தனை பெற்றார்கள் என்ற ஞாபகமே வருவதில்லை.

வருகிற பதினெட்டாம் தேதி உங்களுக்குத் திருச்சியில் செக்கப் என்று காலண்டரில் அம்மா வட்டம் போட்டு வைத்திருந்தது இப்போதுதான் எதற்கென்று எனக்குப் புரிந்தது. கட்டுமாவடியிலிருந்து அவ்வளவு தூரம் ஒரே நாளில் போய்வரக் கூடாது. தயவுசெய்து முதல் நாளே இங்கே வந்து தங்குங்கள். நீங்கள் இருக்கிறவரை நான் வாயைத் திறக்க மாட்டேன், கொட்டாவிக்குக்கூட வெளியே போய்விடுவேன். உங்கள் பங்குக் குடங்களை நான் சுமக்கிறேன். யாராவது எத்தனை மாசம் என்று கேட்டால் ஜூன் மாசம் என்று சொல்லிக்கொள்கிறேன்.

அப்பா உங்களுக்கும் மாமாவுக்கும் அன்பைத் தெரிவிக்கிறார். ஸ்வீட்டி தன் அன்பைத் தெரிவிக்கிறது. அம்மா ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் நான் எழுதிக்கொண்டிருக்கிற மேசைப் பக்கம் மூன்று தடவை வந்து, துடைத்த இடத்தையே துடைத்துவிட்டுப் போனது. மாதா உங்களையும் உங்களுக்குள்ளே இருக்கிறவரையும் பத்திரமாக வைத்துக்கொள்ளட்டும்.

இப்படிக்கு,
இதுவரை கீழ்ப்படியாத, இனிமேல் படியப் பார்க்கிற மருமகன்,
ம. லியோ

பின்குறிப்பு: அப்பா படித்துவிட்டார். “பரவால்லடா, மனசாரத்தான் எழுதியிருக்க” என்று சொல்லி, ஒட்டுகிற வேலையை என்னிடமே கொடுத்துவிட்டார். இதைத் தபால்பெட்டிக்கு முன்னால் சைக்கிள் சீட்டில் வைத்து எழுதுகிறேன், கையெழுத்து அச்சடித்த மாதிரி இருக்காது. மேலே தண்ணீர், சண்டை, ஆடு எல்லாம் நிஜம். எனக்குத் தெரியாது என்று எழுதியது பொய். மே இருபதாம் தேதி நீங்கள் குளிக்கப் போயிருந்தபோது, கைப்பையில் ரப்பர் பல்லி வைக்கலாம் என்று திறந்தேன். ஸ்கேன் படம் இருந்தது. ஓரத்தில் உங்கள் பெயர், பதின்மூன்று வாரம் என்று போட்டிருந்தது. பல்லியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். பதினோரு நாள் யாரிடமும் சொல்லவில்லை அத்தை, ஆட்டிடம்கூடச் சொல்லவில்லை. பெரியம்மா ஒத்தை என்று சொன்னது பொறுக்காமல்தான் சொன்னேன் என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அதில் கொஞ்சம் உண்மை. எல்லாரும் சிரிப்பார்கள் என்று நினைத்தேன், அதுதான் மிச்சம்.

அம்மாவிடமும் இன்னும் சொல்லவில்லை. ஒரு வேளை தூக்கத்தில் ஏதாவது உளறித் தொலைத்தேனோ, பையன் காதில் விழுந்ததோ என்று நேற்று அம்மா அப்பாவிடம் கேட்டுக்கொண்டிருந்தது. இன்றைக்கு வீட்டுக்குப் போனதும் சொல்லிவிடுகிறேன். ஆனால் நான் சொன்னால் அம்மா நம்பாது, உங்களைச் சமாதானப்படுத்தப் புதுசாக ஒரு பொய் கட்டுகிறேன் என்று நினைக்கும். என்னிடம் நீங்கள் பேச வேண்டாம். வரச் சொல்லவும் எனக்கு வாயில்லை. அம்மாவுக்கு மட்டும் ஒரு போன் போடுங்கள். முதல் தடவை எடுக்காவிட்டால் வைத்துவிடாதீர்கள். கை ஈரமாக இருக்கும், துடைத்துவிட்டு வரும்.